கூண்டுக்குள் நின்று நான் சொன்ன முடிவு

பாலாற்றங்கரையில் முள்காட்டை வெட்டி, ஆற்று மணலைக் கொட்டி, கீற்றுக் கொட்டகை போட்டு ஆம்பூர்ப் பக்கத்துக்கு டூரிங் டாக்கீஸ் கொண்டுவந்தவன் நான். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் அலசி, முழங்கால் வரைக்கும் வெந்து புண்ணானவன். காற்று ஒரு முறை கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. நெருப்பு ஒரு முறை மூங்கில்கூட மிச்சம் வைக்காமல் தின்றது. இரண்டு முறையும் மறுபடி போட்டேன். பெங்களூரில் பழைய இரும்போடு கிடந்த ஆயில் இன்ஜினை வாங்கிவந்து ஓட வைத்தேன். பெண்பிள்ளைகள் கொட்டகைக்கு வரமாட்டார்கள் என்றார்கள். அவர்களுக்குத் தனி வழி, நடுவில் தட்டி, தனி டிக்கெட் ஜன்னல், குடிக்கத் தண்ணீர் என்று எல்லாம் வைத்தேன். வந்தார்கள். தோல் நாற்றத்தில் எவன் உட்கார்ந்து படம் பார்ப்பான் என்றார்கள். ஆட்டம் தொடங்குமுன் நாலு மூலையிலும் சாம்பிராணி போட்டேன். உட்கார்ந்தார்கள்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்தது. தெரியாதது ஒன்று இருக்கிறது. ஊரே பார்த்து மூக்கைச் சிந்திய ஒரு தமிழ்ப் படத்தின் முடிவை உண்டாக்கியவனும் நான்தான். அதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பாதி சனம் உருது பேசும். மீதி தமிழ் மட்டும் பேசும். இந்திப் படம் போட்டால் தோல் ஷாப் ஆட்கள் கூட்டமாக வருவார்கள், கழனி ஆட்கள் வரமாட்டார்கள். தமிழ்ப் படம் போட்டால் கதை தலைகீழ். இரண்டு கூட்டத்தையும் ஒரே மணலில் உட்கார வைக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். திரைக்குப் பக்கத்தில் மைக் வைத்துக்கொண்டு நின்று, இந்திப் படத்தின் கதையைத் தமிழில் சொன்னேன். பாய்மார்களோடு வேலை செய்து பழகியதில் உருது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் கையைத் தூக்கினால் ஆபரேட்டர் படத்தின் சத்தத்தைக் குறைப்பார். இறக்கினால் ஏற்றுவார். பாட்டு வந்தால் நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது பாய்மார்களோடு நான் செய்துகொண்ட ஒப்பந்தம். கூட்டம் வந்து மைக்கை இடிக்கிறது என்பதால் என்னைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டினோம். அதற்கு ஊரில் கூண்டு என்று பெயர். ஆட்டம் முடியாமல் நான் வெளியே வர முடியாது.

அந்த நாளில் நான் பார்க்க எப்படி இருப்பேன் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். மல் ஜிப்பா, பின்னால் வாரிய கிராப்பு, மைக்கில் பழகிய குரல். மாதனூரில் ஒருத்தி, பேரணாம்பட்டு ரோட்டில் ஒருத்தி என்று எனக்குப் பழக்கங்கள் இருந்தன. தப்பு செய்தேன் என்று எழுத வரவில்லை. அப்படி இருந்தேன் என்று எழுதுகிறேன். வீட்டில் மனைவியும் இருந்தாள். குடியாத்தத்தில் கைலி நெய்கிற குடும்பத்துப் பெண்.

அப்போதுதான் அந்த இந்திப் படம் வந்தது. ஊர் ஊராக ரயிலில் போய் அத்தர் விற்கிற அழகன் ஒருவனுடைய கதை. இறங்குகிற ஊரிலெல்லாம் அவனுக்கு ஒரு பெண். கல்யாணம் செய்தவளும் ஒருத்தி உண்டு. அவளைப் பாதிப் படத்தில் ஒரு வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போவான். அதற்கப்புறம் அவள் படத்திலேயே இல்லை. கடைசிக்கு முந்தின ரீலில் அவன் முகம் பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் நின்று நரைத்த முடியைத் தொட்டுப் பார்ப்பான். இந்தியில் இரண்டு வரிதான் பேசுவான். நான் அதை இழுத்துச் சொல்வேன்: "இத்தினி பேர் என்னைப் பாத்து சிரிச்சாங்க. நாளைக்கு ஜுரம் வந்து படுத்தா, எவ வந்து ஒரு வாய் தண்ணி குடுப்பா?" அப்புறம் அவன் ரயில் ஏறுவான். பாட்டுப் பாடுவான். படம் முடிந்துவிடும்.

ஊரே திரண்டது. ஒரு வாரத்தில் எடுக்க வேண்டிய படத்தை எடுக்க முடியவில்லை. சென்னைக் கம்பெனியிலிருந்து படப்பெட்டியோடு வந்திருந்த ஆள், நடுத்தர வயசுக்காரர், எப்போதும் வெற்றிலை போட்டபடி இருப்பார். "அண்ணே, கூட்டம் கொறயிற வரைக்கும் பொட்டிய அனுப்பக் கூடாதுன்னு உத்தரவு" என்று கொட்டகையிலேயே பாய் விரித்துவிட்டார்.

கூட்டம் குறையவில்லை. காரணம் படம் மட்டும் இல்லை. அந்த அத்தர்க்காரன் பெண்களிடம் பேசுகிற இடங்களில் இந்தியில் இருப்பதைச் சொல்லாமல் என் சொந்தச் சரக்கை இறக்கினேன். கிணற்றடியில் ஒரு பெண்ணைப் பார்த்து அவன் என்னவோ சாதாரணமாகத்தான் கேட்பான். நான் சொல்வேன்: "உன் பொட்டு கொஞ்சம் சாஞ்சிருக்கு. சொன்னா நேரா வெச்சிப்பியேன்னு, பொழுதன்னிக்கும் சொல்லாம பாத்துகினே இருந்தேன்." கொட்டகை விசிலில் கிழியும். பாய்மார்களே கைதட்டுவார்கள். தோல் ஷாப் மேஸ்திரி ஒரு பாய், எனக்குப் பழைய தோஸ்த், எழுந்து நின்று கத்துவார். "அரே, அவன் இன்னா டைம் ஆச்சுன்னுதான்யா கேட்டான்! ஆனா நீ சொல்றதுதான் ஜோரா கீது, சொல்லு!"

அந்தப் பொட்டு வசனம் நான் முதன்முதலில் சொன்னது என் மனைவியிடம். கல்யாணத்துக்கு முன்னால், விரிஞ்சிபுரம் கோயில் திருவிழாக் கூட்டத்தில்.

தினமும் அந்தக் கூண்டுக்குள் நின்று ஒரே ஆளுடைய கதையைச் சொல்லிப் பாருங்கள், தெரியும். கண்ணாடிக் காட்சி வரும்போது திரையைப் பார்க்காமலே சொல்லத் தொடங்கினேன். காலையில் சவரம் பண்ண உட்கார்ந்தால் அவன் கேட்ட கேள்வி என் வாயில் வந்தது. மாதனூர்ப் பக்கம் போவதை விட்டேன். போனால் என்ன பேசுவது? என்ன பேசினாலும் அங்கே இருக்கிறவள், "இது படத்துல வர்றதாச்சே" என்பாள். என் பேச்சையெல்லாம் படம் எடுத்துக்கொண்டது. படத்தையாவது தூக்கிவிடலாம் என்றால் பெட்டிக்காரர் விடமாட்டேன் என்கிறார், கூட்டம் விடமாட்டேன் என்கிறது.

ஒரு நாள் காலையில் என் மனைவி சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கொழாயடியில எல்லாரும் சிரிக்கிறாங்க. உன் வூட்டுக்காரர் கதைதான் டெண்டுல ஓடுது, போய் பாத்துட்டு வான்றாங்க."

"பேசறவங்க பேசுவாங்க. அது இந்திக்காரன் கதை."

"இன்னிக்கு வர்றேன். பாத்துட்டு, நாளைக்கு மொத பஸ்ஸுல எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன். திரும்பி வருவனா மாட்டனான்னு இப்ப சொல்ல மாட்டேன். படத்த பாத்துட்டுதான் முடிவு பண்ணுவேன்."

வரவேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அதுவே பதில் ஆகிவிடும்.

சாயங்காலம் கூண்டுக்குள் போனேன். ஆபரேட்டர் தட்டியை வெளியிலிருந்து கயிற்றால் கட்டினார். திரை வெளிச்சம் மணலில் விழுந்ததும் பெண்கள் பக்கம் பார்த்தேன். தட்டியை ஒட்டி முதல் வரிசையில் என் மனைவி. மடியில் மஞ்சள் பை. அவளுக்கு நாலு பேர் தள்ளி மாதனூர்க்காரி. அதற்குப் பின்னால் பேரணாம்பட்டு ரோட்டுக்காரி, வாயில் முறுக்கு. எனக்குத் தனித்தனி ஊரில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே மணலில் கால் நீட்டி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் ஓடுகிற திரையை ஒருத்தியும் பார்க்கவில்லை.

அன்றைக்கு நான் கதையைச் சுருக்கிப் பார்த்தேன். பெண்கள் வருகிற இடத்தில், "இவன் பேசறான், அவ பேசறா" என்று தாண்டினேன். தரை டிக்கெட்டிலிருந்து உடனே சத்தம் வந்தது.

"இன்னாய்யா, தொண்ட கட்டிப்பூடுச்சா? நேத்து சொன்ன மாதிரி சொல்லு!"

"காசு வாங்கினு கம்மியா பேசறான்டா!"

கிணற்றடி வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கொட்டகை முழுக்க ஒரே குரலாக, "பொட்டு! பொட்டு!" என்று மணலைத் தட்டினார்கள். பாய்மார்களும் சேர்ந்து தட்டினார்கள். ஓடலாம் என்றால் மூங்கில். பேசாமல் இருக்கலாம் என்றால் கொட்டகையையே பிரித்துவிடுவார்கள். சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. விசில் பறந்தது. மாதனூர்க்காரி தலையைக் குனிந்தாள். பேரணாம்பட்டு ரோட்டுக்காரி முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினாள். தன்னிடம் மட்டும் சொன்னதைத்தான் நான் படத்தில் சேர்த்துவிட்டேன் என்று அவர்கள் ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான். அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்களுக்கு ஒரே புரொஜக்டர். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் படம் நிற்கும், விளக்குப் போடுவோம், ஆபரேட்டர் அடுத்த ரீலை மாட்டுவார். கடைசி ரீல் மாட்ட விளக்குப் போட்டபோது, சுண்டல் விற்கிறவன் சத்தத்துக்கு மேலே என் மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க, கதை சொல்றவரே! ஒரு சந்தேகம்."

கொட்டகை திரும்பிப் பார்த்தது. என் மனைவி என்று பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் சொன்னான்.

"அவன் பொண்டாட்டி இன்னா ஆனா? வாசல்ல வுட்டுட்டுப் போனானே, அவ இன்னும் அங்கியே நிக்கிறாளா?"

யாரோ சிரித்தான். இன்னொருவன் அவனை அடக்கினான். பெண்கள் பக்கமிருந்து ஒவ்வொருத்தியாக, "ஆமா, அவ இன்னா ஆனா?", "சொல்லுங்க!" என்று தொடங்கினார்கள். இத்தனை நாளில் எனக்கே அந்தக் கேள்வி வந்ததில்லை. அந்தப் படத்தை எடுத்தவனுக்கும் வந்திருக்காது. மேஸ்திரி பாய் ஆண்கள் பக்கத்திலிருந்து, "ஜவாப் சொல்லு தோஸ்த், ரொம்ப பேஜாரான கேள்விதான்" என்றார்.

"படம் ஓடட்டும், சொல்றேன்" என்றேன். ஆபரேட்டர் ரீலை மாட்டுகிற நேரம்தான் எனக்கு இருந்தது.

விளக்கு அணைந்தது. திரையில் அத்தர்க்காரன் ரயில் நிலையத்துக்கு வருகிறான். சிரித்துக்கொண்டே ஏறுகிறான். பாட்டு தொடங்குகிறது. பாட்டில் பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். அந்த ஒரு நாள் கையைத் தூக்கினேன். ஆபரேட்டர் நம்ப முடியாமல் புரொஜக்டர் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார். தூக்கிய கையை நான் இறக்கவில்லை. சத்தம் குறைந்தது.

"இந்த ரயில் எங்க போவுது தெரியுமா? அவன் பொண்டாட்டி ஊருக்குப் போவுது. சிரிக்கிறான் பாருங்க, அது சிரிப்பில்ல, பயம். அவ கதவு சாத்தியிருக்கும்னு அவனுக்குத் தெரியும். தட்டிக் கூப்புடறதுக்கு அவனுக்கு வாயில்ல. ஊர் பூரா பேசின வாய், அந்தக் கதவுகிட்ட ஒண்ணும் பேசாது. அவ தொறக்கிற வரைக்கும் வாசப்படியிலயே உக்காந்திருக்கப் போறான். தொறப்பாளா மாட்டாளான்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. கதை அவ்ளோதான்."

"பொய்! அவன் பம்பாய்க்குப் போறான்!" என்று பாய்மார்களில் ஒருவர் கத்தினார். மேஸ்திரி அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "சும்மா இரு. பம்பாய்க்குப் போனா போவட்டும். இங்க இதான் முடிவு."

பெட்டிக்காரர் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெற்றிலைச் சாறு ஜிப்பாவில் வழிந்ததைக்கூட கவனிக்கவில்லை.

மறுநாள் நான் கண் விழித்தபோது வீட்டில் அவள் இல்லை. மஞ்சள் பையும் இல்லை. பெட்டிக்காரரைக் கூப்பிட்டு, "படத்தை நீ ஓட்டு, இல்ல எடுத்துகினு போ" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டு குடியாத்தம் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேருவதற்குள் அவள் படத்தின் கதையைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள், என் முடிவையும் சேர்த்து. தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும், "தோ, ரயிலு வந்துடுச்சி!" என்றார்கள். ஓட முடியுமா? சொன்ன மாதிரி வாசற்படியில் உட்கார்ந்தேன். நானே சொன்ன கதை, வேறு எங்கே உட்காருவது? உள்ளே தறிச் சத்தம் நிற்காமல் கேட்டது. என் மச்சான் வெளியே வந்தார்.

"இன்னா மாப்ள, தட்டிக் கூப்புடறதுக்கு வாய் இல்லியா?"

"கதவு தொறந்துதான மச்சான் இருக்கு."

"தொறந்திருக்கிற கதவுக்கு வெளியில உக்காந்துகினு இருக்கிற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன். எழுந்து வாங்க, பாவுக்கு ஆள் கம்மியா இருக்கு."

பாவின் ஒரு முனையைக் கையில் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னார். தெரு நீளத்துக்கு நூல். கஞ்சி காய்கிற வரைக்கும் பிடித்தவன் அசையக் கூடாது. விட்டால் அத்தனை நூலும் சிக்கலாகிவிடும், அந்தக் குடும்பத்து உழைப்பு அத்தனையும் குப்பை. வெயில் ஏறியது. கை மரத்துப்போனது. அப்போதுதான் அவள் வந்து என் எதிரில் நின்றாள்.

"கைய வுட்றாத. அசையாம நின்னு கேளு."

"சொல்லு."

"நேத்து சொன்னது படத்துல இருந்ததா, நீயா சொன்னதா?"

"நானா சொன்னதுதான்."

"பயத்துல சொன்னியா, நெசமா சொன்னியா?"

"ரெண்டும்தான்."

அவள் நூலில் திரண்டிருந்த கஞ்சியை விரலால் வழித்துப் போட்டாள். "நான் வர்றேன். ஆனா வூட்ல உக்கார மாட்டேன். பொம்பளைங்க டிக்கெட் ஜன்னல்ல இனிமே நான்தான் உக்காருவேன். எவ வந்தாலும் என் மூஞ்சியப் பாத்து டிக்கெட் வாங்கிட்டு உள்ள போவட்டும். ஒத்துக்கிறியா?"

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. நூல் என் கையில். ஒத்துக்கொண்டேன். கொட்டகையை விற்கிற வரைக்கும் அந்த ஜன்னலில் அவள்தான் உட்கார்ந்தாள். மாதனூர்க்காரி ஒரே ஒரு தடவை வந்தாள். என் மனைவி டிக்கெட்டைக் கொடுத்து, "நல்லா பாரும்மா" என்றாளாம். அப்புறம் அவள் வரவில்லை. நான் தப்பித்தேன் என்று சிலர் சொல்வார்கள், மாட்டிக்கொண்டேன் என்று சிலர் சொல்வார்கள். கூண்டுக்குள்ளிருந்து பார்த்தால் அந்த ஜன்னல் நேராகத் தெரியும். அவளுக்கும் நான் தெரிவேன்.

சில வருஷம் கழித்து அந்த இந்திப் படத்தைச் சென்னையில் தமிழில் எடுத்தார்கள். பெரிய நடிகர், பெரிய செலவு. பெட்டி என் கொட்டகைக்கும் வந்தது. தமிழ்ப் படம், எனக்கு மைக்கில் வேலை இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கிணற்றடி வந்தது. அத்தர்க்காரன், "உன் பொட்டு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது" என்றான். எனக்கு முதுகு நிமிர்ந்தது. அப்புறம் ஒரு சந்தையில் அவன் தன் பெருமைகளைக் கதையாகச் சொல்லும்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண், "அவன் பெண்டாட்டி என்ன ஆனாள்?" என்று கேட்டாள். கடைசியில் ரயில், சாத்திய கதவு, வாசற்படியில் அவன். கதவு திறக்காமலே படம் முடிந்தது. கொட்டகை மூக்கைச் சிந்தியது. நான் சிந்தவில்லை. எழுத்துப் போட்டபோது கதை என்று யார் யார் பெயரோ வந்ததை நான் பார்த்திருந்தேன்.

சென்னைக்குப் போனேன். கம்பெனி ஆபீசில் ஒருவர் காப்பி கொடுத்து, "பெரியவரே, இது ரீமேக். இந்திப் படத்துல இருந்ததத்தான் எடுத்திருக்கோம்" என்றார்.

"இந்தியில அந்த முடிவு இல்லீங்க."

"நீங்க இந்திப் படத்த பாத்தீங்களா?"

"தெனமும் பாத்தேங்க. நான்தாங்க சொன்னேன்!"

சிரித்தார். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். வெற்றிலை வாய். நம் பெட்டிக்காரர்தான். அங்கேயே கதை இலாகாவில் சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, சத்தியமா அது இந்திப் படத்துல இருக்குன்னுதான் நெனச்சேன். எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாதே! உங்க கொட்டாயில உங்க கொரல்லதான படம் பாத்தேன். மத்த நாள் பாட்டுல பேசாம வுட்டத அன்னிக்குத்தான் சொல்றீங்க, நம்ம பிரிண்டும் கடைசியில அறுந்ததுதான்னு நெனச்சேன். இங்க எல்லாரும் உக்காந்து இந்திப் பிரிண்டு பாத்தப்ப கடைசியில ரயிலோட முடிஞ்சிடுச்சு. பிரிண்டு அறுந்து போச்சு, மிச்சம் எனக்குத் தெரியும்னு நான்தான் சொன்னேன். அந்தச் சந்தைக் காட்சியும், அண்ணி கேட்டத வெச்சி, நான் சொன்னதுதான்."

அவர் திருடன் இல்லை. அதை நான் எங்கும் சொல்லத் தயார். பெயரை மாற்ற அவரால் முடியவில்லை. பிரிண்டுகள் எல்லாம் ஊர் ஊராகப் போய்விட்டன, இனி எழுத்தை மாற்ற முடியாது என்று முதலாளிகள் சொல்லிவிட்டார்கள். ஒரு கூஜாவைப் பரிசாகக் கொடுத்து அனுப்பினார்கள். பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

என் மனைவி அந்த முடிவு தன்னுடையது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தான் கேட்காமல் இருந்திருந்தால் என் வாயில் அது வந்திருக்குமா என்கிறாள். கேள்வி அவளுடையது. அதில் எனக்கு வழக்கு இல்லை, அவள் பெயரையும் போடட்டும். ஆனால் ரீல் மாட்டுகிற நேரத்துக்குள், தப்பிக்க வழி இல்லாமல், அத்தனை சனத்துக்கு முன்னால் பதில் சொன்னவன் நான். அந்தப் படம் இன்னும் எங்கெங்கோ ஓடுகிறது என்று கேள்விப்படுகிறேன். அதை வைத்திருக்கிறவர்கள் யாராக இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். காசு வேண்டாம், மாலை வேண்டாம். கதை என்று எழுத்து வருகிற இடத்தில், மற்றவர்கள் பெயருக்குக் கீழே இருந்தாலும் சரி, முடிவு சொன்னவன் இன்னார் என்று என் பெயரைப் போடுங்கள். போட்டே ஆக வேண்டும்.